நூற்று இருபதாம் படிவம்

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். சுவரில் மாட்டியிருந்த ஏசி இயந்திரம் காலையிலிருந்து மாலைவரை உறுமிக்கொண்டே இருக்கும். பல்கலைக்கழக மனநலத் துறையில் யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட அந்த அறையைத்தான் கணினிப் பதிவாளருக்குக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. வெளியே வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் வேலை ஓடும் என்பது அவர் கட்சி.

மேஜையின் இடது பக்கம் நிரப்பப்பட்ட படிவங்களின் கட்டு. வலது பக்கம் பதிவுசெய்து முடித்தவை. நடுவில் ஒரு நீளமான மர ஸ்கேல். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் ஸ்கேலை வைத்து, குறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, கணினியில் தட்டி, ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவார். பதினாறு வருடமாக இதே வேலை. தாய்க்கு நாற்பத்திரண்டு வயது, மகனுக்கு முப்பத்தொன்பது என்று எழுதிவந்த படிவத்தை ஒருமுறை திருப்பி அனுப்பி, துறையையே சிரிக்க வைத்தவர். அவர் கண்ணுக்குத் தப்பிப் பிழை எதுவும் போகாது என்பதால் எல்லோரும் அவரைச் சல்லடை என்றார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் 'சல்லடை சார்'. அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டிருந்தார்.

இந்த முறை வந்திருந்த ஆராய்ச்சி பையன்களைப் பற்றியது. திருட்டு, அடிதடி, பொருள்களை உடைத்தல் என்று ஏதோ ஒரு வழக்கில் சிக்கிச் சிறுவர் இல்லத்தில் இருக்கும் அறுபது பையன்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் சாதாரணப் பையன்கள் அறுபது பேர் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே முப்பத்துமூன்று கேள்விகள். தூக்கம் எப்படி, கோபம் எப்படி, பயம் எப்படி என்று. 'ஒருபோதும் இல்லை' என்றால் பூஜ்யம், 'தினமும்' என்றால் மூன்று, நடுவில் ஒன்றும் இரண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். எழுதி முடித்ததும் பையனே உறைக்குள் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

அந்தக் கேள்விகளில் இரண்டு தனி ரகம். பதினான்காம் கேள்வி கேள்வியே இல்லை. 'நீ கவனமாகப் படிக்கிறாய் என்றால் இங்கே மூன்று என்று குறி' என்று இருக்கும். படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவனைப் பிடிக்க வைத்த பொறி அது; மொத்தக் கூட்டலில் சேராது. இருபத்தேழாம் கேள்வி வேறு மாதிரி. 'நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது.' இதற்கு இரண்டோ மூன்றோ வந்தால் கணினியில் அந்த வரிசை முழுக்கச் சிவப்பாகிவிடும். அன்றைக்கே பேராசிரியையிடம் சொல்ல வேண்டும். எண்ணை வைத்துப் பையனைக் கண்டுபிடித்து ஓர் ஆலோசகர் போய்ப் பேசுவார்.

சிறுவர் இல்லத்துப் படிவங்களில் பத்தொன்பது சிவப்பாகின. பத்தொன்பது முறையும் சல்லடை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கப் போய்ச் சொன்னார். "பெத்தவங்க எங்கே போனாங்களோ மேடம், அவங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா இல்லையா" என்று ஒவ்வொரு முறையும் ஆதங்கப்பட்டார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. ஊரார் பிள்ளைக்கு உண்மையிலேயே மனம் நொந்தவர்.

சாதாரணப் பையன்கள் பக்கம் ஐம்பத்தொன்பது படிவம்தான் வந்து சேர்ந்தது. ஒரு பையன் நடுவில் பள்ளி மாறிப் போய்விட்டான். பள்ளிகளிலிருந்து படிவங்களை வாங்கி வரும் ஆராய்ச்சி மாணவி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சல்லடையின் அறைக்குள் நுழைந்தாள்.

"அண்ணா, உங்க பையன் பத்தாவதுதானே? ஒரே ஒரு ஃபாரம் குறையுது. ஸ்கூல்ல மறுபடி அனுமதி வாங்க ஒரு மாசம் ஆகும். மேடம் என்னை உயிரோட விடமாட்டாங்க."

"வேலை செய்யறவங்க வீட்டுப் பசங்களைச் சேர்க்கக்கூடாதுன்னு விதி இருக்கேம்மா."

"பேரா எழுதப்போறோம்? நம்பர்தானே. சாதாரணமான ஒரு பையன் வேணும், அவ்வளவுதான்."

சல்லடைக்கு உச்சி குளிர்ந்தது. "சாதாரணமான பையன்னா என் பையனைத்தான் சொல்லணும். இருக்கிற இடம் தெரியாது. ஸ்கூல் விட்டா வீடு, வீட்டை விட்டா ரூம்."

ஒரு வருடமாக மகன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்பதை அவர் இப்படித்தான் வைத்திருந்தார். நல்ல பழக்கங்களின் பட்டியலில்.

அன்று மாலை படிவத்தை மகனிடம் நீட்டினார். பதினைந்து வயது. போன வருடம் வாங்கிய சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. படுக்கையில் கிடந்தபடியே வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இதை யாருப்பா பார்ப்பாங்க?"

"யாரும் பார்க்கமாட்டாங்க. உன் பேரே இதுல இல்ல பாரு. நூத்தி இருபது, அவ்வளவுதான் நீ."

"கம்ப்யூட்டர்ல ஏத்தறது?"

"அது நான்தான். ஆனா எனக்கு எல்லாம் வெறும் நம்பர்டா. உள்ளதை உள்ளபடி எழுது."

பையன் எழுந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் எழுதினான். மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, கால் வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்திருந்த அவன் அம்மா, "என்னடா, பரீட்சையா எழுதறே?" என்று கேட்டாள். அவன் எழுதி முடித்தான். ஒட்டிய உறையைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். பிறகு போய்விட்டான்.

மறுநாள் காலை சல்லடை உறையைப் பிரித்தார். ஸ்கேலை முதல் கேள்விக்குக் கீழே வைத்தார். 'காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை': மூன்று. இரண்டாவது, 'யாரோடும் பேசப் பிடிக்கவில்லை': மூன்று. 'எதையாவது உடைக்க வேண்டும்போல் கோபம் வருகிறது': மூன்று. 'காரணம் தெரியாமல் அழுகை வருகிறது': இரண்டு. விரல்கள் பழக்கத்தில் தட்டிக்கொண்டே போயின. தலை மட்டும் பின்தங்கியது. இருபத்தேழில் மூன்று என்று தட்டியதும் வரிசை சிவப்பானது.

மொத்தம் எழுபத்தொன்று. சிறுவர் இல்லத்துப் பையன்களின் சராசரியே ஐம்பத்திரண்டுதான்.

கணினி கெட்டுப்போயிற்று என்று முதலில் நினைத்தார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு. யாருடைய படிவமோ மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தார். நூற்று இருபது. தண்ணீர் குடித்தார். இதில் எங்கோ பிழை இருக்கிறது. பிழை இருந்தால் தன் கண்ணுக்குத் தப்பாது. தப்பாத கண்ணுக்கு இன்னும் தட்டுப்படவில்லை. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் அது தோன்றியது. பையன் எண்களைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறான்! பூஜ்யம் என்றால் தினமும், மூன்று என்றால் ஒருபோதும் இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அவசரக் குடுக்கை, மேலே எழுதியிருப்பதைப் படித்திருக்கமாட்டான். அப்படியென்றால் மூன்றைப் பூஜ்யமாக்க வேண்டும், இரண்டை ஒன்றாக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தார். எழுபத்தொன்று திரும்பி இருபத்தைந்தாக நின்றது. சாதாரணப் பையன்களின் சராசரிக்குப் பக்கத்திலேயே. பிழை பிடிபட்டுவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு சீரானது.

எல்லா எண்களையும் மாற்றித் தட்டினார். சிவப்பு போய் வரிசை வெள்ளையானது. ஆனால் கணினி இன்னொரு எச்சரிக்கை காட்டியது: பதினான்காம் கேள்விக்குப் பூஜ்யம், கவனமில்லாமல் நிரப்பிய படிவம். அவர் அதை மட்டும் மறுபடி மூன்றாக்கினார். அந்த ஒரு கேள்வியைப் பையன் சரியாகப் படித்திருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றைச் சரியாகப் படித்தவன் மற்றதை மட்டும் எப்படித் தலைகீழாகப் படித்தான் என்று வேறொருவர் படிவத்தில் என்றால் அவரே குடைந்து குடைந்து கேட்டிருப்பார். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றால், அதற்கும் பதில் வைத்திருந்தார். படிவத்தில் இருப்பதை வெளியே பேசக்கூடாது என்பது விதி. அதுவரை மென்று விழுங்கிய விதிகளில் இந்த ஒன்று மட்டும் அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்புறமும் மனம் முழுதாகத் தெளியவில்லை. எட்டு நாள் மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். மகனும் அவரைப் பார்த்தான். அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதை, பையை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருடமாக இல்லாத வழக்கம். 'பாரு, நம்ம பிள்ளை கலகலப்பாக ஆகிறான், நான்தான் வீணாகப் பயந்தேன்' என்று சல்லடை அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்தார்.

ஒன்பதாம் நாள் ஐஸ்க்ரீம் டப்பாவோடு வந்தார். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவர் மகன் தோளில் கை போட்டார்.

"டேய் தம்பி, எனக்கு எல்லாம் தெரியும்டா. நீ நல்லாத்தான் இருக்கே."

பையன் நிமிர்ந்தான். "எல்லாமேவா அப்பா?"

"எல்லாமேதான். அப்பா கண்ணுக்கு எதுவும் தப்பாது."

பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "சரி" என்று சொல்லி ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து போனான். கிண்ணத்தில் ஐஸ்க்ரீம் பாதிக்குமேல் இருந்தது.

"என்ன தெரியும்? அவன் ஏன் இப்படி எழுந்து போறான்?" என்றாள் அம்மா.

"வயசு அப்படிம்மா. பாராட்டினா வெக்கம்."

மறுநாள் மதியம் மூன்றரை மணிக்கு சல்லடைக்கு போன் வந்தது. காவல் நிலையத்திலிருந்து. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பேருந்துப் பணிமனையில் பையன் நான்கு பேருந்துகளின் முன்கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்திருந்தான். பேருந்துகளில் ஆள் இல்லாததால் யாருக்கும் அடிபடவில்லை. அவன் வலது உள்ளங்கைதான் கிழிந்திருந்தது.

சல்லடை நிலையத்துக்குள் நுழைந்தபோது மகன் சுவரோரப் பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். பணிமனைக் காவலாளி உதவி ஆய்வாளரிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஓடவே இல்லைங்க. நாலு கண்ணாடியையும் அடிச்சுட்டு அங்கேயே தரையில உக்காந்துட்டான். நான் பிடிக்க ஓடிவந்தேன், என்னைப் பார்த்து தண்ணி இருக்கான்னு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல?"

"சார், எங்கேயோ தப்பு நடந்திருக்கு. என் பையன் அந்த மாதிரிப் பையன் இல்ல சார்" என்றார் சல்லடை.

உதவி ஆய்வாளர் பேனாவை மூடினார். "அந்த மாதிரின்னா எந்த மாதிரி சார்? இங்க வர்ற ஒவ்வொரு அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொல்றார். நானும் பதிமூணு வருஷமா அந்த மாதிரிப் பையன் ஒருத்தனையாவது பார்த்துடலாம்னு இருக்கேன்."

மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு பையனின் அம்மா ஓடிவந்தாள். வந்தவள் யாரிடமும் பேசாமல் மகன் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்து, காயத்தைப் பார்த்து, மறுபடி ஒழுங்காகக் கட்டினாள். "ஏன்டா?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றான்.

திங்கட்கிழமை சிறுவர் நீதி அமர்வின் முன்னால் ஆஜராக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பெற்றோர் பொறுப்பில் அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் சல்லடை வெடித்தார். அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், ஒன்றும் விளங்காத ஆத்திரம் ஒரு பக்கம்.

"என்னடா குறை வெச்சோம் உனக்கு? கேட்டதை வாங்கித் தரலையா? அடிச்சோமா? திட்டினோமா? என்னடா காரணம்?"

"எல்லாரும் காரணம் காரணம்னு கேக்கறீங்க. தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"வாயைத் திறந்து அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்டா!"

பையன் அப்பாவை விநோதமாகப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். ஏதோ கணக்கு இடிக்கிறது என்பதுபோல.

"சொன்னேனே அப்பா."

"எப்ப சொன்னே?"

"வாயால சொன்னப்ப வயசு அப்படின்னீங்க. தூங்கு சரியாயிடும்னீங்க. அப்புறம் அந்த ஃபாரம் குடுத்தீங்க. ஏத்தறது நீங்கதான்னு சொன்னீங்கல்ல? சரி, அப்பா பேப்பர்ல இருந்தா நம்புவாருன்னு எல்லாத்தையும் உள்ளபடியே எழுதினேன். தினமும் நீங்க எப்ப வந்து கேப்பீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். நேத்து வந்து எனக்கு எல்லாம் தெரியும், நீ நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னீங்க." அவன் குரல் உடைந்தது. "அப்பாவே பார்த்துட்டு இதுதான் நல்லா இருக்கறதுன்னா, இனிமே யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது? எனக்கு ஒண்ணும் புரியல."

சல்லடை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் நம்பலைடா" என்றார். "நீ நம்பரைத் தலைகீழாப் படிச்சுட்டேன்னு நெனச்சேன். எல்லாத்தையும் திருத்திட்டேன்."

"பதினாலாவது கேள்விக்குச் சரியாத்தானே போட்டிருந்தேன்?"

அவருக்குத் தன் விரல் அந்த ஒற்றை எண்ணை மட்டும் திரும்ப மூன்றாக்கியது கண்முன் வந்தது. தெரியாமல் செய்த பிழைக்கு அந்த ஒரு தட்டல் தேவையே இருந்திருக்காது.

"என்ன எழுதியிருந்தான்?" என்று கேட்டாள் அம்மா. அவர் தயங்கினார். அவள் விடவில்லை. கடைசியில் இருபத்தேழாம் கேள்வியைச் சொன்னார். அவள் சத்தம் போடவில்லை. "யார் யாரோ பெத்த பத்தொன்பது பிள்ளைகளுக்காக மாடிப்படி ஏறிப்போய்ச் சொன்னேன்னு வீட்டுல வந்து பெருமையடிச்சீங்களே" என்று மட்டும் சொன்னாள். பிறகு மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கும்தான் கண்ணு எங்கே போச்சு? கடையில யாரு முகம் வாடியிருந்தாலும் என்ன உடம்புக்குன்னு கேக்கறேன். உன்னைக் கேக்கலையே." அவனைவிட உயரத்தில் குறைந்தவள் என்பதால் அவன் குனிந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அன்று இரவு அவள் தன் பாயை மகன் அறையில் விரித்தாள்.

மறுநாள் சல்லடை தன் அறைக்குப் போகவில்லை. நேரே மாடிக்குப் போனார். பேராசிரியையும் ஆராய்ச்சி மாணவியும் முதல்கட்ட முடிவுகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், எவ்வளவு அழகாகப் பிரிந்து வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நூத்தி இருபதாம் நம்பர் பொய். அது என் பையன். அவன் எழுதினதை நான் மாத்திட்டேன்" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்; எதையும் பூசி மெழுகவில்லை.

பேராசிரியை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கேட்டது வேறு. "பையன் இப்ப எங்கே?"

"அவங்கம்மா லீவு போட்டுட்டு கூட இருக்காங்க."

"முதல்ல அதைப் பார்ப்போம்." அவர் அந்த நிமிடமே ஆலோசகருக்கு போன் போட்டு, பத்து மணிக்கு நேரம் வாங்கினார். போனை வைத்த பிறகுதான் முகம் மாறியது. "நீங்க செஞ்சதுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் சார். வேலை என்ன ஆகும்னு என்னால இப்ப சொல்லமுடியாது. அந்த வரிசையை எடுத்துட்டா மத்த ஐம்பத்தொன்பதும் சரியாத்தானே இருக்கு?"

ஆராய்ச்சி மாணவி விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். "மேடம்... அந்த ரெண்டாவது ஸ்கூல்ல பதினோரு பசங்க ரொம்ப மோசமா மார்க் பண்ணியிருந்தாங்க. அங்க இருந்த வாத்தியார் உறையை எல்லாம் பிரிச்சுப் பார்த்துட்டாரு. 'விளையாடறீங்களா, ஸ்கூல் பேரு என்னாகும், ஒழுங்கா எழுதுங்கடா'ன்னு புது ஃபாரம் குடுத்து மறுபடி எழுத வெச்சாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். பசங்க கிண்டல் பண்றாங்கன்னு நானும் நெனச்சுட்டேன்."

"பதினோரு பேரா? பழைய ஃபாரம் எங்கே?"

"கிழிச்சுப் போட்டுட்டாரு."

பேராசிரியை அழகாகப் பிரிந்து வந்த அந்த வரைபடக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிறுவர் இல்லத்துப் பசங்க எழுதினதை யாரும் மாத்தல" என்றார் மெதுவாக. "ஏன்னா அவங்க அப்படித்தான் எழுதுவாங்கன்னு நாம எதிர்பார்த்தோம். அப்போ நான் அளந்தது பசங்களையா, நம்மளையா? எனக்கே இப்ப தெரியல." பிறகு மாணவியிடம் திரும்பினார். "அந்தப் பதினோரு பசங்க யாருன்னு இன்னைக்குள்ள கண்டுபிடி. ஆராய்ச்சி அப்புறம்."

பத்து மணிக்கு ஆலோசகரின் அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். ஒரு மேஜை, நான்கு நாற்காலி, மூலையில் பழைய பத்திரிகைகள். ஆலோசகர் நடுத்தர வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். முதலில் பையனோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு பெற்றோரை உள்ளே கூப்பிட்டார். இதற்கு வைத்தியம் உண்டு, சீக்கிரம் வந்தது நல்லது, உள்ளே கிடக்கும் துக்கம் பையன்களிடம் பலமுறை கோபமாகத்தான் வெளியே வரும் என்றார். சிறுவர் நீதி அமர்வுக்குத் தானே ஓர் அறிக்கை எழுதித் தருவதாகவும் சொன்னார். பிறகு சல்லடை முன்னால் ஒரு தாளை வைத்தார்.

"இது அப்பாவுக்கு. உங்க பையனைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க."

சல்லடை பேனாவை எடுத்தார். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் படிவங்களைப் பார்த்தவர்! முதல் கேள்வி: 'உங்கள் மகன் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான்?' எட்டு மணி நேரம் என்று எழுதப் போனார். பையன் பத்து மணிக்குக் கதவைச் சாத்துவான், ஆறு மணிக்குத் திறப்பான், கணக்கு சரிதான். பேனா தாளில் பட்டு, ஒரு புள்ளி வைத்து, அங்கேயே நின்றுபோனது. அடுத்த கேள்விகளைப் பார்த்தார். அவனுக்கு நெருங்கிய நண்பன் யார்? கடைசியாக எப்போது அழுதான்? எதற்குப் பயப்படுகிறான்? ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. எதுவுமே மகனைக் கேட்டு வைத்த பதில் இல்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. "தெரியும்னு நெனச்சதாலதான் இவ்வளவும் வந்துச்சு. அவன் எனக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னான். பிடிக்காத பதில்னா தப்பான பதில்னு முடிவு கட்டிட்டேன். பிள்ளை வலிக்குதுன்னா வலிக்குதுன்னுதான் அர்த்தம். அதைத் திருத்தறதுக்கு நான் யாரு? அப்பனா இருந்தாலும் அந்த உரிமை எனக்குக் கிடையாது."

பையன் தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி அப்பா பக்கம் போட்டுக்கொண்டான். தாளை எட்டிப் பார்த்தான்.

"கேளுங்கப்பா. சொல்றேன்."

சல்லடை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறே?"

"ரெண்டு. சில நாள் மூணு."

"இல்லையேடா, நீ பத்து மணிக்கே..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. மகன் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

இரண்டு, சில நாள் மூன்று என்று அவன் சொன்னபடியே எழுதினார்.